கட்சிச் சார்பும் காட்சித் திரிவும்

உயிர் தனித்து நில்லாது சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பிற்று என்பது சைவ சித்தாந்த நூல்கள் ஒருமுகமாய்த் துணிந்த பொருள். செம்மலரை அடுத்த படிகம் செம்மையும், நீலமலரை அடுத்த படிகம் நீலமுமாய்த் தோன்றுமாறுபோல, உயிரும் மலத்தைச் சார்ந்துழி மலமாயும், அருளைச் சார்ந்துழி அருளாயும் விளங்கும். இவ்வுண்மையைப் பெத்த முத்தி நிலைகளை விரிக்குமிடத்தே யாம் பலகாலும் எடுத்தாளுகின்றேம். ஆயின், நாடோறும் நிகழும் உலகியலிலே அஃது எத்துணை நுட்பமாகத் தொழிற்படுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே. ஈண்டு அதனை ஒரு தலையில் வைத்து ஆராயப் புகுகின்றேம்.

பெருநிலையில் உள்ளார் ஒருவர்மேல், 'இவர் பெண்ணொருத்தியிடம் முறைகேடாக ஒழுகினார்' என்னும் பழி எழுமாயின், கேட்டார் முதற்கண் வினவற்பாலது, 'இது மெய்யோ பொய்யோ' என்பதேயாம். உலகத்தார் அதனை வினவுகின்றிலர். 'இவர் எம்மவரோ, மாற்றாரோ' என்றே வினவுகின்றனர். எம்மவராயின், பழி கூறினாளின் நெஞ்சையும் நடையையும் ஆராய்தற்கு விரைகின்றனர். மாற்றாராயின், ஆராய்ச்சியே வேண்டா என்று ஒழிகின்றனர். காட்சி என்னும் சொல்லின் முதலெழுத்துக் குறுகியவழிக் கட்சி ஆகின்றது. எழுத்துக் குறுகிய அளவிலே அறிவுங் குறுகுதல் இவ்வுலகிற் கண்கூடு.

இதனை எம் நாட்டு நிகழ்ச்சியொன்றை வைத்து ஆராயத் தொடங்கின், படிப்பார் நெஞ்சம் இருகூறுபட்டு, ஆராய்ச்சியே வழக்காய் முடியும். ஆகலின், எம்மனோர்க்கு விருப்பும் வெறுப்பும் பெரிதில்லாத அமெரிக்க ஐக்கிய நாட்டின் நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்கின்றேம். அயலான் முகத்தின் மறுவைக் காண்டல் எளிது. கண்டபின் கண்ணாடியை எம் முகத்திற்குத் திருப்பிக்கொள்ளுதல் எம் கடன்.

அந்நாட்டிலே குடியரசுக் கட்சி, சனநாயகக் கட்சி என இருபெருங் கட்சிகள் உள. உச்ச நீதிமன்ற நீதிபதியை நாட்டுத் தலைவர் பெயர் குறிப்பர். நூறு உறுப்பினரையுடைய செனட் என்னும் மேலவை அதற்கு இசைவு தரல்வேண்டும். 1991-ஆம் ஆண்டு, குடியரசுக் கட்சித் தலைவரான மூத்த ஜார்ஜ் புஷ், கிளாரன்ஸ் தாமஸ் என்பாரை அப்பதவிக்குக் குறித்தார். தாமஸின்கீழ்க் கல்வித் துறையிலும், பின்னர்ச் சம வேலைவாய்ப்பு ஆணையத்திலும் பணிபுரிந்தவரும், அப்போது சட்டப் பேராசிரியராய் இருந்தவருமாகிய அனிதா ஹில் என்னும் அம்மையார், அக்காலத்தே தாமஸ் தம்மிடம் தகாதன பேசினார் என்று அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள் செனட்டின் குழுமுன் சான்று கூறினார். தாமஸ் முற்றும் மறுத்தார். அக்குழுவின் உறுப்பினர் பதினால்வரும் ஆடவரே. சான்று கூற ஆயத்தமாயிருந்த வேறொரு பெண்ணின் மொழி எழுத்துருவிற் சேர்க்கப்பட்டதேயன்றி, அவர் அவைமுன் அழைக்கப்பட்டிலர். நான்கு நாளில், 52-க்கு 48 என்னும் வாக்குக் கணக்கில் தாமஸ் உறுதிசெய்யப்பட்டார். அவர் கட்சியினர் இருவர் ஒழிய ஏனையோரெல்லாம் அவர்பக்கமே நின்றனர். பெண்ணின் மொழி புறக்கணிக்கப்பட்டது என்று அன்று மிக வருந்தினோர் பெரும்பாலும் சனநாயகக் கட்சிச் சார்பினர்.

ஏழாண்டு கழிந்தது. சனநாயகக் கட்சித் தலைவராகிய பில் கிளின்டன்மேற் பழிகள் எழுந்தன. ஆளுநராயிருந்த காலத்துத் தம்மிடம் முறைகேடாக ஒழுகினார் என்று ஒரு பெண் 1994-இலேயே வழக்குத் தொடுத்திருந்தார். நாட்டுத் தலைவராயினும் அவ்வழக்கிற்கு விடையிறுத்தல்வேண்டும் என்று 1997-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாய்த் தீர்த்தனர். மாளிகையிற் பயிற்சிப் பணியிலிருந்த இளம்பெண்ணோடு தமக்குத் தொடர்பில்லையென 1998 சனவரியில் மறுத்த கிளின்டன், அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அதனை ஒப்பினார். இப்பொழுது பக்கங்கள் மாறின. அன்று அனிதா ஹில்லின் மொழியை நம்புக என்றோருட் பலர், இன்று 'இது தனிவாழ்க்கை. நாட்டிற்கு யாது' என்றனர். பெண்ணுரிமைக்கு நெடிதுழைத்த குளோரியா ஸ்டைனெம் அம்மையாரே, கூறப்பட்டவை மெய்யாயினும் பெண் மறுத்தவுடன் அவர் விலகினமையின் அது சட்டங்கூறும் துன்புறுத்தல் ஆகாது என்னுங் கருத்துப்பட 1998 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அன்று தாமஸைக் காத்தோருட் பலரோ, இன்று ஒழுக்கமே ஆட்சிக்கு உயிர் என்றனர்.

கிளின்டன்மேற் சுமத்தப்பட்ட குற்றங்கள் பொய்ச்சான்று கூறலும், நீதிக்கு இடையூறு செய்தலும் ஆம். 1998 டிசம்பர் 19-இல் பிரதிநிதிகள் சபை பெரும்பாலும் கட்சிவழிப் பிரிந்து அவர்மேற் குற்றஞ் சாட்டியது. 1999 பிப்ரவரி 12-இல் செனட் அவரை விடுவித்தது. சனநாயகக் கட்சியினர் நாற்பத்தைவரும் இரு குற்றத்தின்மேலும் 'குற்றவாளியல்லர்' என்றே வாக்களித்தனர். குற்றஞ் சாட்டிய சபையின் நிலையும் எண்ணத்தக்கது. அதன் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்த பாப் லிவிங்ஸ்டன், மணநெறி கடந்த தம் ஒழுக்கம் வெளிப்பட்டமையால் அதே டிசம்பர் 19-இல் விலகுவதாக அவையில் அறிவித்தார். அவ்விடத்திற்கு வந்தவர் டென்னிஸ் ஹாஸ்டெர்ட். அவரும் கிளின்டனுக்கு எதிரே வாக்களித்தவர். தாம் மற்போர்ப் பயிற்சியாளராய் இருந்த பண்டைநாளிற் சிறுவர்களிடம் இழிதகவு செய்தமையை அவர் 2016-இல் நீதிமன்றத்தில் ஒப்பினார். அக்குற்றத்திற்குக் காலவரையறை கடந்தமையால், அதனை மறைக்கக் கொடுத்த பணத்தைப் பற்றிய வங்கிச் சட்டக் குற்றத்திற்கே பதினைந்து திங்கட் சிறை பெற்றார். மாற்றான் குற்றத்தைக் காணும் கூர்மை, தன் குற்றம் இன்மைக்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

பின்னும் இருபதாண்டு கழிந்து, 2018-இல் பிரெட் கவனா என்பார் உச்ச நீதிமன்றத்திற்குக் குறிக்கப்பட்டார். கிளின்டனை ஆராய்ந்த வழக்கறிஞர் குழுவில் முன்னர்ப் பணிபுரிந்தவர் இவர். ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டின்முன், பள்ளிப் பருவத்தே, இவர் தம்மை வலிந்து பற்றினார் என்று கிறிஸ்டின் பிளேசி ஃபோர்டு அம்மையார் செப்டம்பர் 27-இல் சான்று கூறினார். கவனா அன்றே முற்றும் மறுத்தார். அக்டோபர் 6-இல் 50-க்கு 48 என்னுங் கணக்கில் அவர் உறுதிசெய்யப்பட்டார். எதிர்க்கட்சியினின்று அவர்க்கு வாக்களித்தவர் ஒருவரே. இருவருள் மெய்யுரைத்தார் யாவர் என்பதை யாம் துணிய வல்லேமல்லேம். நூறு பேருட் பெரும்பாலார், சான்று கேளாமுன் எப்பக்கம் நின்றனரோ, கேட்டபின்னும் அப்பக்கமே நின்றனர் என்பதொன்றே யாம் துணிவது. சான்று வந்தும் நிலைமாறாத நெஞ்சிற்குச் சான்று எற்றுக்கு?

மற்றொரு கணக்கும் உளது. அது சமயத்தாராகிய எம்மை நேரே சுடுவது. கிளின்டன் காலத்தே, 1998 ஜூனில், தென்னாட்டு பாப்டிஸ்டுக் கிறித்தவப் பேரவை, ஆள்வோர் ஒழுக்கமுடையராதல் வேண்டும் என்றும், தலைவரின் பெரும்பிழையைப் பொறுத்தல் மக்கள் மனச்சான்றை மழுக்கும் என்றும் தீர்மானம் இயற்றியது. அஃது உயர்ந்த தீர்மானமே. பொதுச் சமய ஆராய்ச்சி நிறுவனம் என்னும் அமைப்பினர், 'தனிவாழ்விற் பிழைசெய்த ஒருவர் பொதுப்பணியில் நேர்மையாய் ஒழுகல் கூடுமோ' என்று மக்களை வினவினர். வெள்ளை நிறத்து நற்செய்திக் கிறித்தவருள், 'கூடும்' என்றோர் 2011-இல் நூற்றுக்கு 30 பேர். 2016-இல் நூற்றுக்கு 72 பேர். ஐந்தாண்டில் மறைநூல் மாறிற்றில்லை. பத்துக் கட்டளைகளும் மாறின அல்ல. மாறியது யாதெனின், அவர்தம் கட்சி முன்னிறுத்திய மனிதர். அவ்வாண்டிலே டொனால்டு டிரம்ப் குடியரசுக் கட்சியின் வேட்பாளராயினார். பெண்களைக் குறித்து அவர் இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு அக்டோபரில் வெளிவந்தது. படிகம் மலரை மாற்றிக்கொண்டது. மாற்றிக்கொண்டதைத் தான் அறிந்திலது.

இதனாற் குடியரசுக் கட்சியினரே பிழைத்தார் என்று யாரும் கொள்ளற்க. கிளின்டன் அன்றே பதவி துறந்திருத்தல்வேண்டும் என்று சனநாயகக் கட்சிச் செனட்டர் கர்ஸ்டன் கில்லிபிராண்ட் 2017 நவம்பரிற் கூறினார். அஃது அவரால் கட்சிக்கு ஆகவேண்டுவது ஒன்றும் எஞ்சாத காலம். 2020-இல் அக்கட்சி வேட்பாளராகிய ஜோ பைடன்மேற் பழைய ஊழியர் ஒருவர் பழி கூறினார், பைடன் மறுத்தார். இரண்டாண்டின்முன் 'பெண்களை நம்புக' என்றோருட் பலர், அப்பொழுது 'சான்றுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும்' என்றனர். அவர் கூறியது தவறன்று. இரண்டாண்டின்முன்னும் அதனையே கூறாமை தவறு. 2023 மே 9-இல் நியூயார்க்கில் நடுவர் குழுவொன்று, டிரம்ப் எழுத்தாளர் ஜீன் கேரலிடம் இழிதகவு செய்தமைக்கும், அவரைப் பழிதூற்றியமைக்கும் பொறுப்புடையர் என உரிமையியல் வழக்கில் ஐம்பது இலட்சம் டாலர் விதித்தது. மேல்முறையீட்டு மன்றமும் 2024 டிசம்பரில் அதனை நிலைநிறுத்தியது. டிரம்ப் மறுத்தே வந்தார். அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். பழி, மறுப்பு, ஆராய்ச்சி, தீர்ப்பு என்னும் நான்கனுள் எந்நிலை எய்தினும் பலர் தம் பக்கம் விட்டுப் பெயர்ந்திலர் என்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது.

இனி, இந்நிலை எற்றினான் ஆயிற்று என்பதை ஆராய்வாம்.

ஆணவத்தின் செயல் யான், எனது என்னும் செருக்காய் வெளிப்படுவது. யான் என்னும் செருக்கைக் கடிதற்கு முயல்வார் பலர் உளர். ஆயின் அது 'யாம்' என்னும் போர்வை போர்த்து வருங்கால், அதனை ஆணவம் என்று அறிவார் அரியர். கட்சிக்கு உழைப்பவன் தன் பொருளையும் உறக்கத்தையும் இழக்கின்றான்; ஆகலின், தன்னலம் அற்றேன் என்று கருதிக்கொள்கின்றான். அவன் அற்றது சிறிய எனது; பற்றியது பெரிய எனது. தன்பொருட்டுப் பொய்கூற நாணுபவனும் தன் கட்சியின்பொருட்டு நாணானாகின்றான். இக்கட்டுரையில் யாம் 'யாம்' என்று எழுதுங்கால், அப்பன்மையும் அத்தகைய போர்வையாகாவாறு காத்துக்கொள்ளல் எம் கடன்.

சார்பு புகுந்தவழி அளவைகள் திரியும். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள், இத்தகைய பழிகளில் மூன்றாமவர்க்குக் காண்டல் பெரும்பாலும் இல்லை. தனியிடத்து நிகழ்வன ஆகலின். எஞ்சுவன கருதலும் உரையுமே. உரையளவைக்கு உரைப்போன் தகுதி காரணம். கட்சியார் அத்தகுதியை, 'பொய்கூற இவர்க்குக் காரணம் உளதோ, மொழி முன்பின் முரணாது நிற்கின்றதோ, அக்காலத்தே பிறரிடம் இதனைக் கூறினரோ' என்று ஆராய்ந்து கொள்வதில்லை. 'இம்மொழி எம் பக்கத்திற்கு ஆக்கமோ கேடோ' என்றே கொள்கின்றனர். அது தகுதியாராய்ச்சி அன்று, தகுதி வழங்கல்.

ஈண்டுத் திருவெண்ணெய்நல்லூர் அவையை நினைவுகூர்தல் தகும். மணப்பந்தரிலே நம்பியாரூரர் மணக்கோலத்தோடு இருந்தனர். சூழ்ந்தார் அனைவரும் அவர் சுற்றத்தார். முன்பின் அறியப்படாத முதியவர் ஒருவர் வந்து, இவர் எமக்கு அடிமை என்றார். கூட்டம் நகைத்தது, நம்பி, பித்தனோ என்றார், ஓலையைப் பற்றிக் கிழித்தும் எறிந்தார். எல்லாரும் ஒருபக்கம், அயலவர் ஒருவர் மறுபக்கம். ஆயினும் அவ்வூரவையார் யாது செய்தனர்? முதியவரை வெருட்டினாரல்லர், அவர்மொழியை அங்ஙனே ஒப்பினாருமல்லர். உலகவழக்கில் இல்லாத வழக்கு இது என்றனர். சான்று உளதோ என்று கேட்டனர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்று வழியும் எண்ணினர். மூலவோலையை வாங்கிப் படித்தனர். பாட்டனாரின் வேறொரு கைச்சாத்தோடு ஒப்பிட்டு நோக்கினர். பின்னரே தீர்த்தனர், தீர்ப்பு, பெருமைமிக்க மணமகனார்க்கு மாறாய் அமைந்தது. இவ்வரலாற்றின் உட்பொருள் தடுத்தாட்கொண்ட அருள். புறத்தே அமைந்த நீதிமுறையும் எமக்கு ஆசிரியனாதற்கு உரியதே. கூட்டத்தின் நகைப்பும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெருமையும், குற்றஞ்சாட்டினவரின் எளிமையும் அவ்வவையின் துலாக்கோலில் ஏறின அல்ல.

ஈண்டுச் சிலர் எழுப்புந் தடைகளை ஆராய்வாம்.

'பழிகூறுவோர் பொய்யும் கூறுவர். ஆகலின் எம்மவரைக் காத்தல் தவறன்று' என்பது முதற்றடை. பொய்கூறுவாரும் உளர் என்பது மெய்யே. 2017 நவம்பரில், அலபாமா நாட்டு வேட்பாளர் ராய் மூரைப் பற்றி ஒரு பெண் பொய்க்கதையொன்றை வாஷிங்டன் போஸ்ட் இதழாளரிடம் கொணர்ந்தார். அவ்விதழை இழுக்கில் வீழ்த்தற்கு அமைத்த கண்ணி அது. இதழாளர் அதனை ஆராய்ந்து, பொய்யென்று கண்டு, அதனையே வெளியிட்டனர். ஆகவே, பொய்யைக் கடிவதும் ஆராய்ச்சியே. மெய்யை நிறுவுவதும் ஆராய்ச்சியே. கோவலன் ஆராய்ச்சியின்றிக் கொலையுண்டான். அக்கொலையை மறுக்கவந்த கண்ணகியின் மொழியும், சிலம்பு உடைத்துப் பார்க்கப்பட்ட பின்னரே நிலைபெற்றது. பழிக்கப்பட்டானுக்கும் பழிகூறினாளுக்கும் ஆராய்ச்சியே அரண். கட்சி இருவர்க்கும் அரணன்று.

'நெடுநாள் வாளா இருந்தார் இன்று கூறல் ஐயத்திற்கு இடன்' என்பது அதன் கிளை. ஐயத்திற்கு இடனாம், மறுப்பிற்கு இடனாகாது. வலியார்கீழ் ஊழியஞ் செய்வாள் வாய்திறத்தற்கு அஞ்சுதல் இயல்பு. காலந்தாழ்த்தமை ஆராய்ச்சியை அரிதாக்கும், மொழியைப் பொய்யாக்காது.

'இவர் பதவியில் நின்று செய்யும் நன்மை பெரிது. அதனை நோக்க இப்பிழை சிறிது' என்பது இரண்டாந் தடை. அறிவுடையாரும் மயங்குமிடம் இது. இருவினை பற்றிய எம் நூற்கொள்கை இம்மயக்கத்தை அறுக்கும். நல்வினையும் தீவினையும் ஒன்றையொன்று கழித்து எஞ்சியது நிற்கும் வணிகர் கணக்கல்ல; ஒவ்வொன்றும் தன்தன் பயனைத் தந்தே கழியும். அறச்சாலை பல அமைத்தான் என்பதனால் அவனாற் கெட்டாள் ஒருத்தியின் கண்ணீர் உலராது. கழுவாய் உளதெனின், உளது. ஆயின், பிழையைப் பிழையென்று ஒப்பினார்க்கே கழுவாய். ஒப்பாதானைக் கட்சி காக்குங்கால், அவன் கழுவாயின் வாயிலையே அடைத்துவிடுகின்றது.

இங்ஙனம் நோக்கின், அவ்வகைக் காவல் அவனுக்கும் பகையாம். இறைவன் ஒறுத்தலும் கருணையே. அறக்கருணை, மறக்கருணை என அருள் இருவகைத்து. தந்தை மகனை அடித்துத் திருத்தலும் அன்பே என்பது எம் கொள்கை. பெண்ணுரிமைச் சட்டங்களுக்கு உழைத்துப் புகழ்பெற்றவர் குடியரசுக் கட்சிச் செனட்டர் பாப் பாக்வுட். 1991-இல் தம் கட்சிக்கு மாறாய்த் தாமஸுக்கு எதிரே வாக்களித்த இருவருள் இவர் ஒருவர். இவர்மேலே பெண்கள் பலர் பழி கூறினர். ஒவ்வொரு கட்சியினின்றும் மும்மூவராய் அறுவர் அமைந்த செனட்டின் ஒழுக்கக் குழு, பாக்வுட்டின் கட்சியினரான மிச் மக்கானல் தலைமையில் ஆராய்ந்து, 1995 செப்டம்பரில் அறுவரும் ஒருமுகமாய் அவரை நீக்குக என்றது. அவர் பதவி துறந்தார். அவர் செய்த நன்மை பொய்யன்று. அந்நன்மை இப்பழிக்கு விலையாகவும் இல்லை. தம்மவரைத் தாமே ஒறுத்த அம்மூவரால் அவர்தம் கட்சி அழிந்திலது. 2017 டிசம்பரில், அலபாமா நாட்டு முதிய செனட்டர் ரிச்சர்டு ஷெல்பி, தம் கட்சியின் ராய் மூருக்கு வாக்களியாது, வேறொருவர் பெயரைத் தாமே எழுதி இட்டதாக வெளிப்படக் கூறினார். மூர் தம்மேற் கூறப்பட்டவற்றை மறுத்தார். ஏறத்தாழ 22,000 வாக்கில் தோற்றார். அங்ஙனம் பெயரெழுதி இடப்பட்ட வாக்குகள் அவ்வெண்ணினும் சிறிது மிக்கன. 2021-இல் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ பதினொரு பெண்களிடம் முறைகேடாக ஒழுகினார் என்று அறிக்கை வெளியிட்ட அரசு வழக்கறிஞர் லெட்டிஷா ஜேம்ஸ் அவர் கட்சியினரே. கியூமோ மறுத்தாராயினும் பதவி விலகினார். ஆகவே, சார்பு வெல்லற்கரியதேயன்றி வெல்ல முடியாததன்று.

'மாற்றார் செய்தபொழுது வாளாவிருந்தீர். எம்மவரை மட்டும் ஆராய்தல் என்னை' என்பது மூன்றாந் தடை. இது தடையே அன்று. மாற்றான் வீட்டிற் களவு நிகழ்ந்தமை எம் வீட்டுக் கள்வனைக் கள்வன் அல்லனாக்காது. அன்று வாளாவிருந்தார் பிழைத்தனர் என்பதை மட்டுமே அது நிறுவும்; அப்பிழையை மீட்டும் செய்தற்கு உரிமை தாராது. இவ்விடையையே இருபக்கத்தாரும் மாறிமாறிக் கூறின், உலகில் எப்பழிக்கும் ஆராய்ச்சி இல்லையாய் முடியும்.

'அங்ஙனமாயின், இருவினையொப்பு உடையார் இவற்றில் தலையிடாது ஒதுங்குதலே முறை' என்பார் கூற்று நான்காவது. எம்மவருட் பலர்க்கு இதுவே புகலிடம். இருவினையொப்பு என்பது நன்மையிலும் தீமையிலும் பற்றும் வெறுப்பும் ஒப்ப நீங்குதல்; நன்மையையும் தீமையையும் ஒன்றென்றல் அன்று. துலாக்கோல் நடுவு நிற்பது, தட்டில் ஒன்றும் வையாதவழி அசையாதிருப்பதனால் அன்று; வைத்தவழி மெய்யாய்ச் சாய்வதனாலேயே. எப்பொருளை வைப்பினும் சாயாத கோலைக் கடையினின்றும் எறிவரேயன்றி, நடுவுடையதென்று புகழார். வலியார்க்கும் மெலியார்க்கும் இடையே வாளாவிருத்தல் எப்பொழுதும் வலியார்க்கே துணையாம்.

இதுகாறும் அயலார் பிழையைக் கூறினேம். கண்ணாடியைத் திருப்புங் காலம் இது. எம் முப்பதாம் ஆட்டை அளவிலே யாம் ஓரூரிற் பள்ளியாசிரியராய் இருந்தேம். அவ்வூர்ச் சைவச் சபைக்கு எம்மைப் புரந்தவராகிய செல்வர் ஒருவரே தூண். அவர் மனையில் வேலைசெய்த பெண்ணொருத்தி அவர்மேற் பழி கூறினாள் என்று அறிந்தபொழுது, யாம் கூறியது, 'சான்று எங்கே? பெரியார்மேற் பழி எளிதில் எழும்' என்பது. அவளை யாரும் அழைத்துக் கேட்டிலர். யாமும் கேட்கச் சொல்லிற்றிலேம். சில திங்களில் அவள் ஊரைவிட்டு நீங்கினாள். அவ்வாண்டின் இறுதியில், எம் சபையொடு மாறுபட்டு நின்ற வேறொரு கழகத்தார் ஒருவர்மேல் அத்தகைய பழியே எழுந்தது. அப்பொழுது எம் வாயினின்று வந்தது, 'நெருப்பில்லாமற் புகையுமா' என்பது. இரண்டும் ஒரே நாவிற் பிறந்தன என்பதை யாம் அன்று உணர்ந்திலேம். பன்னாட் கழித்து, நூலொன்றிற் காட்சித் திரிவை மாணாக்கர்க்கு விரிக்குங்கால் அது திடீரென எம் நெஞ்சிற் றைத்தது. அவ்விரு பழியுள் எது மெய், எது பொய் என்பதை இன்றும் அறியேம். அறிய முயலாமையே எம் குற்றம். அவள் யாண்டு உளள் என்பதும் அறியேமாகலின், கழுவாய் செய்தற்கும் இடனின்றி நிற்கின்றேம்.

சான்றோரும், திருமடங்களைச் சார்ந்தோரும் இதனைக் கருத்திற் கொள்ளல்வேண்டும். பழி எழுதற்கு இடனல்லாத நிறுவனம் உலகில் இல்லை. 'இது வெளிப்படின் சமயத்திற்கு இழுக்கு' என்பது எம்மனோர் நெஞ்சில் முதலில் எழும் சொல். சமயத்திற்கு இழுக்குத் தருவது பிழையும், பிழையை மூடுதலுமே, ஆராய்ச்சி அன்று. மனுவேந்தர் தம் மகன் செய்ததற்குக் கழுவாய் கூறிய அமைச்சரை நோக்கி, அயலான் ஒருவன் ஓருயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேனாகிய யான், மகனென்று இவனை விடுவேனோ என்னும் கருத்துப்பட வினவினார். உரைகல் இதுவே. பழியொன்றைக் கேட்டவழி, எம்மவர் பெயர் நின்ற இடத்தில் மாற்றார் பெயரையும், மாற்றார் பெயர் நின்ற இடத்தில் எம்மவர் பெயரையும் வைத்து ஒருமுறை எண்ணுக. அப்பொழுதும் எம் சொல் மாறாதாயின், அது காட்சி. மாறுமாயின், அது கட்சி. அதன்பின், புரப்பாரும் புரக்கப்படுவாரும் அல்லாத நடுவரை அமைத்து, மெலியார் மொழியை முதற்கண் கேட்டு, வலியார் மறுப்பையும் குறையறக் கேட்டு, முடிவு பிறக்குமளவும் இருவர் பெயரையும் நாக்குகளினின்று காத்து, முடிவு பிறந்தபின் அஃது யார்க்கு மாறாயினும் ஏற்றுக்கொள்ளல்வேண்டும்.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பாயின், சார்தற்குரியது எது என்பதொன்றே வினா. மனிதரைச் சாரின் அம்மனிதரின் மாசும், கட்சியைச் சாரின் அக்கட்சியின் மாசும் எம்மேற் படியும். ஒருபாற் கோடாத பரம்பொருளைச் சார்ந்தேம் என்று நாடோறும் வாயாற் கூறுகின்ற யாம், பழியொன்று எழுங்கால் எதனைச் சார்ந்து நிற்கின்றேம் என்பதை எம்மை யாமே வினவிக்கொள்ளக் கடவேம். அவ்வினாவிற்கு விடை எம் நாவில் இல்லை; ஊரைவிட்டு நீங்கும் எளியாள் ஒருத்தியை அழைத்து, 'அம்மா, நடந்ததைக் கூறுக' என்று கேட்குஞ் செயலிலே உளது.